சோளகம் எழும்பும் நாட்கள்

முதல் இரண்டு தரமும்
சேர்வரை நிறுத்தித் திரும்பப் போட்டேன்.
எழும்பியது. மறந்துபோனேன்.

மூன்றாம் தரம்
குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து
டிக்கெற் வெட்டுகிற கொன்சலற்றா அக்கா எடுத்தா:
"பிள்ளை, வட்டம் சுத்திக்கொண்டே நிக்குது.
சனம் வெயிலுக்க நிக்குது."

லொக்கைத் திறந்தேன்.
பாவனையில் பத்து. மிச்சம் பூச்சியம்.
காத்திருப்பவை நாற்பத்தொன்று.
முப்பது செக்கன் பார்த்துவிட்டு
ஒவ்வொன்றுக்காய்க் கைவிரிக்கிறது ஜாவா.

தரவுத்தளத்தின் பக்கம் போய்ப் பார்த்தால்
பத்துக் கொனெக்சனும்
ஒரு கேள்வியுமின்றிச் சும்மா கிடக்கின்றன.
இரவல் வாங்கியது எதுவோ
திருப்பிக் கொடாமல் போய்விட்டது.

ஸ்காபரோவில் சாமம் ஒரு மணி.
முதலாளி கொட்டாவியோடு சொன்னார்:
"பத்தை ஐம்பதாக்கும்."
ஆக்கினேன்.
காலை பத்துக்குச் செத்தது
பின்னேரம் மூன்றுக்குச் செத்தது.

செத்த திகதிகளைக் கடதாசியில் எழுதினேன்.
ஒரு செவ்வாய். ஒரு வெள்ளி.
பன்னிரண்டு நாள் ஒன்றுமில்லை.
பிறகு மூன்று நாள் தொடர்ந்து.
சனம் கூடியதாலா?
நயினாதீவுத் தேரன்று ஆயிரத்து எழுநூறு டிக்கெற்,
ஒரு முனகலும் இல்லை.

அக்காவுக்குத் திகதிகளை வாசித்தேன்.
முடிக்க விடவில்லை.
"அது காத்து நாளெல்லோ.
நெடுந்தீவுப் படகு ஓடேல்லை."

இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி.
பயணம் ரத்தானால் அங்கே ஓர் எக்ஸெப்சன் வெடிக்கிறது;
மூடுகிற வரி அதற்குக் கீழே,
யாரும் வந்து சேராத இடத்தில்.
எழுதியவரின் பெயரைத் தேடினேன்.
என் பெயர்.
இரண்டு வருடத்துக்கு முதல், ஒரு பங்குனியில்.
நான் சோதித்த நாளெல்லாம்
எல்லாப் படகும் ஓடின.

"லைஃப் ஜக்கெற்றைக் கழட்டாமல்
பஸ் ஏறிப் போறவையைப் போலயோ?"
ஓம் அக்கா. படகு ஓடாத நாளிலும்
போட்டுக்கொண்டு போயிருக்கினம்.

திறக்கிற வரியை ட்ரையின் அடைப்புக்குள் வைத்தேன்.
இனி எந்த வாசலால் விழுந்தாலும்
கொடுத்துவிட்டுத்தான் விழவேண்டும்.
ஐம்பதைத் திரும்பவும் பத்தாக்கினேன்.
பொய்ப் பயணமொன்றை நானே ரத்தாக்கிப் பார்த்தேன்.
ஒன்பதாகி, பத்தாகத் திரும்பி வந்தது.

ஆனாலும் அது என் மேசையில்.

நாலு நாளாய்க் கடல் எண்ணெய் மாதிரிக் கிடக்கிறதாம்.
காற்று வந்தால்
தீவுப் பள்ளிக்கூடத்து ரீச்சர்மார்
துறையிலேயே நாளைக் கழிப்பார்கள், தெரியும்.
தெரிந்தும்
ஆரியகுளத்து மாடி ஜன்னலால்
எதிர்க்கடை மலிவு விற்பனைப் பதாகையைப்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் அசையவில்லை.