மஞ்சூர் பீடர்

மூன்றாவது கியரில், தாய்சோலை ஏற்றத்தில்
வண்டி இருமும்.
இரண்டு இருமல், ஒரு மௌனம்,
பிறகு பின்னால் வருகிறவன் பிரேக் பிடிக்கிற மாதிரி
ஒரு வெடி.
வெயில் நாளில் ஒன்றுமில்லை.
மேகம் சாலையில் இறங்கிவிட்டால்
நாற்பதைத் தாண்டாது.

அதோடு நடுக்கம்.
கைப்பிடியிலிருந்து முழங்கைக்கு ஏறி
வீட்டுக்கு வந்தபின்னும் இறங்காது.
சோற்றைப் பிசைகையில் விரல்கள் தனியாக ஓடும்.
கண்ணாடியில் ஒரு சில்வர் ஓக்
இரண்டு சில்வர் ஓக்காக வரும்.
நம்பர் பிளேட் கெத்தை இறக்கத்தில் எங்கோ கிடக்கிறது.

மஞ்சூர் பஜாரில் போஜன்
மூன்று சனிக்கிழமை பார்த்தான்.
பிளக்கைக் கழற்றினால் கரி.
"மேட்டுப்பாளையத்துல வச்ச ஜெட் இது.
இங்கே காத்து மெலிசு, பெட்ரோல் மிஞ்சுது."
சின்ன ஜெட் போட்டான்.
கரி போய்ச் சாம்பல் நிறம் வந்தது,
இருமல் போகவில்லை.
ஏர் ஃபில்டரிலிருந்து
ஒரு தேயிலையை எடுத்துக் காட்டினான்,
அதுதான் குற்றவாளி என்பதுபோல்.
டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று
டீ கிளாஸில் பிடித்து
வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தோம்.
மூன்றாம் சனிக்கிழமை "வித்துடு" என்றான்.
காசு வாங்கவில்லை.
அது இன்னும் மோசம்.

"நீங்க லைன்மேன்தானே" என்றாள் சுகந்தி.
"ஊர் முழுக்க எங்கே கரண்ட் ஒழுகுதுன்னு பார்க்கறீங்க."
மேலே பேசவில்லை அவள்.

ஆனிக் கடைசியில் ஒரு செவ்வாய் இரவு
கிண்ணக்கொரைப் பக்கம் மரம் விழுந்து லைன் அறுந்தது.
யோகேஸ்வரன் கம்பத்தின் மேல்.
நான் கீழே, கயிற்றைப் பிடித்தபடி
போனில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.
யாரோ ஒரு பெண். இன்குபேட்டரில் நூறு முட்டையாம்.
"குஞ்சு செத்தா உங்க பேரைத்தான் சொல்லுவேன்."

மலை முழுக்க இருட்டு,
ஈரமான இருட்டு,
கையை நீட்டினால் கை இல்லை.
டார்ச் யோகேஸ்வரனிடம்.
ஹெட்லைட்டாவது உதவட்டும் என்று உதைத்தேன்.
பல்பு ஒருமுறை மினுங்கி
நடுக்கத்தில் இழை அறுந்து அணைந்தது.
எஞ்சின் மட்டும் ஓடியது,
இருமியபடி.
குனிந்தேன்.

டேங்குக்கு அடியில்
பிளக் வயர் சட்டத்தை உரசும் இடத்தில்
நீலம்.
நகக்கண் அளவு.
ஒவ்வோர் இருமலுக்கும் அரைக்கணம் முன்னால்
பிளக்குக்குப் போக வேண்டியது
ஈரத்தைப் பிடித்துக்கொண்டு
பக்கத்து இரும்புக்குத் தாவிச் செத்தது.

மூன்று சனிக்கிழமையும்
போஜனின் டார்ச் அந்த இடத்தில்தான் விழுந்தது.

செய்யக்கூடாததைச் செய்தேன்: தொட்டேன்.
பதினொரு கே.வி.யோடு பத்தொன்பது வருடம்
மரியாதையாக இருந்தவனுக்கு
தோள்வரை ஓர் அறை.
மேலிருந்து யோகேஸ்வரன் "என்னண்ணே?" என்றான்.
"ஒண்ணுமில்ல, கண்டுபிடிச்சிட்டேன்."
"நானும்தான்" என்றான், அவன் ஒயரைப் பற்றி.

ஏன் உரசியது என்பது காலையில் தெரிந்தது.
எஞ்சினைச் சட்டத்தோடு பிடிக்கும் அடி போல்ட்,
பத்து எம்.எம். துளையில் எட்டு எம்.எம்.
மீதி இடத்துக்கு, முன்னால் வைத்திருந்த காரமடைப் பையன்
பீர் டின்னை வெட்டிச் சுற்றியிருக்கிறான்.
அது தேய, எஞ்சின் ஆட,
ஆட்டம் வயரின் தோலைத் தின்றிருக்கிறது.
நாங்கள் இரண்டு நோய் என்று
தனித்தனி மருந்து தேடியிருக்கிறோம்.

சொன்னபோது போஜன் சிரிக்கவில்லை.
பத்து எம்.எம். போல்ட்டைப்
பல்லில் கடித்துக்கொண்டு வண்டிக்கடியில் போனான்.

நடுக்கம் முழுதும் போய்விடவில்லை.
அறுபதில் இன்னும் லேசாக,
தூங்கும் நாயின் விலா மாதிரி.
ஒற்றைச் சிலிண்டருக்கு அவ்வளவு உரிமை உண்டு.
கண்ணாடியில் சில்வர் ஓக் ஒன்றுதான்.

வயரில் சுற்றியது ஆபீஸ் டேப்.
அதற்குக் கணக்கு வேண்டுமே,
பதிவேட்டில் எழுதினேன்:
மஞ்சூர் பீடர். ஈரத்தில் கசிவு.
உரசிய இடம் காப்பிடப்பட்டது.

ஆடி பிறந்து அந்தப் பெண் மறுபடி அழைத்தாள்.
நூறில் எழுபத்தெட்டு பொரித்ததாம்.
மீதிக்கு யார் பொறுப்பு என்று
அவளும் கேட்கவில்லை,
நானும்.