இரைச்சல் காணும்

பங்குனி பிறந்து மூன்றாம் நாள்,
பகல் பன்னிரண்டு தாண்டவில்லை.
முத்தையன்கட்டிலிருந்து போன்:
"தம்பி, படம் இல்லை. நாடகம் பாதியிலை நிக்குது."
பத்து நிமிசம் பொறுங்கோ அக்கா, தானா வரும்.
"மழையும் இல்லை, காத்தும் இல்லை. என்ன கோதாரி?"
சூரியன், அக்கா.
அந்தப் பக்கம் சிரித்து வைத்துவிட்டா.

பொய்யில்லை. வருசத்தில் இரண்டு தடவை
சற்றலைட்டுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும்.
நான் அப்போது ஒட்டுசுட்டானில் ஒரு கூரைமேல்.
எங்கள் பக்கத் தட்டுகள் எல்லாம் அண்ணாந்துதான் பார்க்கும்.
குமிழின் முகத்தில் காசளவு வெளிச்சம்,
தட்டு முழுவதும் பொறுக்கி அங்கே கொட்டியது.
மீற்றர் கத்தியது.
ஒன்றை மட்டும் கேள் என்று நான் பூட்டிய தட்டு
அதைவிடப் பெரிய ஒன்றைக் கேட்டுவிட்டது.

பின்னேரம் கடைக்கு வந்தாள் சுகிர்தா.
மல்லாவியில், பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வேலை.
பெரிய தட்டு ஒன்று வேண்டுமாம், பழசு போதுமாம்.
எந்தச் சனல்?
"சனல் வேண்டாம். இரைச்சல் காணும்."

பதினொரு வருசம் இரைச்சலைத் துரத்தி உழைத்த காசு.
அதைக் கேட்டு வந்த முதல் ஆள் இவள்.

மாங்குளத்தில், மூடிப்போன கேபிள்காரரின்
எட்டடி வலைத்தட்டு
கோழிக்கூட்டுக்குக் கூரையாய்க் கவிழ்ந்து கிடந்தது.
ஓட்டை, என்றேன். மழை ஒழுகும். வெயில் ஒழுகும்.
கையை விரித்து அளந்து காட்டினாள்:
"வாறது ஒரு சாண் நீள அலை.
அதுக்கு இந்த வலை சுவர்."

பெயின்ற் தகரம் ஒன்றை வாயாக வைத்தோம்.
நட்டு முறுக்க முறுக்க யோசித்தேன்.
குளத்துக்குக் கண் இல்லை.
அது பார்ப்பதில்லை, சேர்க்கிறது.
அகலம் கூடினால் வரத்துக் கூடும், அவ்வளவுதான்.

ஆனால் எல்லா வெளிச்சத்துக்கும் ஒரே குளம் சரிவராது.
யானைக் காவலுக்கு வந்தவர்களின் கமெராவில்
ஒருமுறை எட்டிப் பார்த்தேன்:
கும்மிருட்டு வயலில் யானை வெள்ளையாய்,
வயிற்றுக்குள் அடுப்பு எரிவதுபோல்.
அந்தச் சூட்டை வானத்தில் பொறுக்கும் கருவி
முதலில் தான் குளிர வேண்டுமாம்,
இல்லாவிட்டால் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.
(சில பேரும் அப்படித்தான்.)

எக்ஸ்ரேக்குக் காற்றே கதவு. மேலே போய்த்தான் ஏந்தலாம்.
நேரே விழுந்தால் கண்ணாடிக்குள் புகுந்துவிடும்,
தண்ணீரில் ஓட்டாஞ்சில்லு எறிவதுபோல்
சரித்துத் தத்தவிட வேண்டும்.
எக்ஸ்ரே எனக்குத் தெரியும்.
கிளிநொச்சி ஆசுபத்திரியில் எடுத்த படம்,
தோளில் மூன்று வெள்ளைப் புள்ளி.
கிடக்கட்டும் என்றார்கள், கிடக்கிறது.
ஏணி ஏறினால் ஒன்று மட்டும் பேசும்.

முகில் மூடிய இரவு. ஒரு வெள்ளி இல்லை.
தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தட்டு,
அவள் மடியில் கணினி.
இரைச்சல், இரைச்சல்,
பிறகு கோட்டில் சின்ன ஒரு மேடு,
தூரத்தில் தெரியும் குளக்கட்டுப் போல.
"ஐதரசன்," என்றாள்.
ஓர் அணு கோடி வருசத்துக்கு ஒருமுறை முனகுமாம்.
அத்தனை கோடி அணு கிடப்பதால்
பால்வெளி ஓயாமல் இரைகிறது.
நுளம்பு கடிக்கக் கடிக்க
விடியுமட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம்,
கேட்க அதில் ஒன்றும் இல்லை என்றாலும்.

பில் எழுதினேன்.
"பழுது" என்ற கட்டத்தை வெறுமையாய் விட்டேன்.

புரட்டாதி பத்து. முத்தையன்கட்டு அக்கா:
"தம்பி, படம் போட்டுது. சூரியன்தானே?"
ஓம் அக்கா.
"சரி, நிக்கட்டும்.
நான் சோறு வடிச்சிட்டு வாறன்."