மும்முனை

ஞாயிற்றுக்கிழமை லேத் பட்டறை ஓடாது.
அதனால்தான் நாலு ஞாயிறு கேட்டு வந்தார்கள்
செல்லூரில் என் மாடியறைக்கு.
கிட்டாரும் குரலுமாக ஜெசிந்தா,
பேஸ் வாசிக்கும் துளசிராம்,
டிரம்ஸைப் பிரித்து மூன்று சாக்கில் கட்டி
எக்ஸலில் ஏற்றிவந்த ஒச்சு.
மூவருக்கும் சேர்த்தே வயது அறுபத்து நாலு.
ஆறாயிரத்து ஐநூறு கொடுத்தார்கள்,
அதில் எண்ணூறு
எந்தக் கடையிலும் வாங்காத பத்து ரூபாய்க் காசு.

நான் பாட்டுப் பதிகிறவன் இல்லை.
ஆட்டோவில் கட்டிய குழாயில்
"வெங்காயம் வெங்காயம், நாலு கிலோ நூறு" என்று
நெல்பேட்டையிலிருந்து அவனியாபுரம் வரை
போகிறதே, அது நான்.
காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி,
காணாமல் போன கிடா,
கட்சி மாறி வந்தவருக்கு வரவேற்பு,
எல்லாம் இந்த ஒரே தொண்டை.
இருபது வருஷமாக
இரைச்சலைத் துடைத்துத்தான் பிழைக்கிறேன்.

அவள் சொன்னாள்:
"சுத்தமா வேணாம்ணே. கிழியணும்."
"எவ்வளவு?"
"பழைய சேலையக் கிழிச்சா ஒரு சத்தம் வரும்ல,
அதுக்கும் மேல.
தகரம்."

சுவரெல்லாம் முட்டை அட்டை,
புரோட்டாக் கடையில் கேட்டு வாங்கி ஒட்டியது.
ஒச்சு முதல் அடி அடித்ததும்
காய்ந்த கருவின் வாடை எழுந்து நின்றது.
கீழே பூட்டிய பட்டறையில்
மேசைமேல் வைத்த மரைகள் தாமாக உருண்டு விழுந்தனவாம்.
திங்கட்கிழமை மேஸ்திரி
அவற்றை எண்ணிக்கொண்டே என்னைத் திட்டினார்.

இரண்டாம் ஞாயிறு
மூன்று முனையில் ஒன்று போய்விட்டது.
விளக்கு மஞ்சளாகி, ஆம்ப்
சளி பிடித்த எருமையாக உறுமியது.
அணைக்கப் போனேன்.
"கை வைக்காதீங்கண்ணே!"
அன்றைக்கு மூவரும் ஒரே சுருதியில் சேர்ந்தது
அந்தக் கத்தலில் மட்டும்தான்.
அந்த உறுமலின் மேலேயே இரண்டாம் பாட்டு.
ஆல்பத்துக்கும் அதுவே பெயர்.

வைகையில் தண்ணீர் வந்த அன்று
ஊரே பாலத்தில் நின்று போட்டோ எடுத்ததைப் பற்றி
ஒரு பாட்டு உண்டு.
ஆறு யாரைப் போட்டோ எடுக்கும் என்று
ஏழு தடவை கேட்பாள்.
ஏழாவது தடவை அது கேள்வி இல்லை.
நான் மீட்டரைப் பார்த்தேன்,
முள் சிவப்பில் ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை.

கடைசி ஞாயிறு, ஆறாவது பாட்டு.
உச்சத்தில் கத்தி நிறுத்துவாள்.
பிறகு எட்டுத் தட்டு மௌனம்.
எட்டுத் தட்டு முடிந்துதான் இடி.
மூன்று, நாலு என்று நான் விரல் மடக்கும்போது
தெருவில் இருந்து,
ஜன்னலை நான் சாத்தாத ஒரு சாண் இடைவெளி வழியே,
வெங்காயம் வெங்காயம்
நாலு கிலோ நூறு.

என் குரல்.
தலையில் கை வைத்துக்கொண்டேன்.
துளசிராம் கண்ணை மூடிச் சிரித்தான்,
கம்பியை அமுக்கிய விரலை எடுக்கவில்லை.
ஒன்பதில் ஒச்சு இறங்கினான்.

"இன்னொரு தடவை எடுத்துருவமா?"
"போங்கண்ணே. தாளத்துல வந்துருக்கீங்க."

அரசரடியில் கல்யாண மண்டபம் ஒன்றின்
பந்தி ஹாலில் வெளியீடு.
நாற்பத்தொரு பேர்,
பதினோரு பேர் லேத்துக்காரர்கள்.
ஜெசிந்தாவின் அப்பா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு
கடைசிவரை முன்வரிசையில் இருந்தார்.
இலை எடுக்கிற வாளிகள்
மேடைக்குப் பின்னால் கூடவே அதிர்ந்தன.

ஒரு மாதம் கழித்து ஒச்சு போன் பண்ணினான்.
கோயம்புத்தூர்ப் பையன் ஒருத்தன் கேட்கிறானாம்,
ஆறாவது பாட்டில் வருகிற ஆண் குரல் யாருடையது,
வேறு எதில் பாடியிருக்கிறார்?
என்ன சொல்வதென்று ஒச்சுவுக்குத் தெரியவில்லை.
எனக்கும்.

மறுநாள் தக்காளிக்குப் பதிந்தேன்.
"தக்காளி" என்றேன்.
எட்டுத் தட்டு விட்டேன்.
"மூணு கிலோ ஐம்பது."

கேட்டுப் பார்த்த வியாபாரி
குழாயை இரண்டு தட்டுத் தட்டினார்.
"நடுவுல கரண்ட் போயிருச்சாண்ணே?"