காரணம் என்றொரு கட்டம்

செவ்வாய்க்கிழமைதோறும் ஏழாம் அறைக்குப் போவேன்.
ஓவியம் பார்க்க அல்ல.
அதற்கு வலப்பக்கம், தோள் உயரத்தில்
ஒரு வட்டக் கருவி இருக்கிறது,
காற்றில் எவ்வளவு ஈரம் என்று சொல்வது.
முள் நிற்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு
எட்டாம் அறைக்குப் போய்விடுவேன்.
அவெய்ரோவின் காயல் காற்று
சுவரையும் விடாது, ரொட்டியையும் விடாது.
என் சம்பளமே அந்த ஈரம்தான்.

ஒன்பது வருஷம் இப்படி.
படத்தில் மீன் இருக்கிறது என்று தெரியும்,
பக்கத்து வீட்டில் நாய் இருப்பது தெரிவதுபோல.

பிப்ரவரியில் ஒருநாள் முள் ஒட்டிக்கொண்டு நின்றது.
தட்டினேன். அசையவில்லை.
மாற்றுக் கருவி வர இருபது நிமிடமாகும் என்றார்கள்.
உட்கார ஒரு பெஞ்சு.
எதிரே, வேறென்ன,
மீன்.

மண்தட்டு. மூன்று மத்தி. பாதி எலுமிச்சை.
மேசை விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கத்திப்பிடி.
கீழே அட்டையில்:
ஓவியர் பெயர் தெரியவில்லை.
மூன்று மீன்கள் திரித்துவத்தைக் குறிக்கலாம்.
குறிக்கலாம். எனக்கென்ன தெரியும்,
எனக்குத் தெரிந்தது மத்தி.
இடப்பக்க மீனின் கண்
இப்போதுதான் வலையிலிருந்து உதறியதுபோல் இருந்தது.
நடு மீனில் லேசாய்ப் பால் படர்ந்திருந்தது.
மூன்றாவதன் கண் உள்ளே போய்விட்டது.
சந்தையில் இதைக் கொடுத்தால்
ஃபிலோமெனா விற்றவன் முகத்திலேயே எறிவாள்.
வரையத் தெரியாதவன் என்று முடிவு செய்து
புதுக் கருவியை மாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

வெள்ளி இரவு வீட்டில் மத்தி சுட்டிருந்தோம்.
முள் பிரிக்கையில் விரல் நின்றது.
செவுளுக்குக் கீழே சாய்வாய் ஒரு கீறல்,
படத்தில் நடு மீனுக்கு இருந்ததே.
மற்றதற்கும் இருந்ததோ?
"ஆறுகிறது, தின்னு" என்றாள் ஃபிலோமெனா.
ஒரு மீனின் கீறலுக்காக
மூன்று இரவு புரண்டு படுத்தேன் என்றால்
நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை.

செவ்வாயன்று கருவியைப் பார்க்காமல் நேரே மீனிடம் போனேன்.
இருந்தது. மூன்றுக்கும்.
அதே இடம், அதே நீளம்,
வால் நுனியில் அதே பிளவு.

அவனிடம் ஒரு மீன்தான் இருந்திருக்கிறது.
ஒன்றுக்குத்தான் காசு.
முதல்நாள் வரைந்தான்.
மறுநாள் சற்று நகர்த்தி வைத்து வரைந்தான்.
மூன்றாம் நாள், நாற்றத்தோடு.
கண் மங்கியதை மறைக்கத் தெரியாமல் இல்லை,
மறைக்க மனம் வராமல்
பார்த்ததைப் பார்த்தபடி.
எலுமிச்சையின் ஓரம்கூடச் சுருங்கித்தான் இருக்கிறது,
இத்தனை நாள் அதை நிழல் என்று நினைத்திருக்கிறேன்.
மூன்றும் ஒன்றென்று அட்டை சொல்வதும்
ஒரு வகையில் சரிதான்.

இது என் ஊகம். படித்தவர்கள் சிரிக்கலாம்.
எனக்கு இப்போது வேறு கேள்வி:
அந்த மீனை அவன் தின்றிருக்க முடியாது.
மூன்று நாளும் என்ன சாப்பிட்டான்?

"மீன் விலை இறங்கிவிட்டதா, அடெலினோ?"
என்று காவலுக்கு நிற்கும் தெல்ஃபினா கேட்கிறாள்.
கேட்கட்டும்.
படத்துக்குக் கண்ணாடி கிடையாது.
கோட்டுக்கு இப்பால் நின்று
கழுத்தை மட்டும் நீட்டிப் பார்க்கிறேன்.
கத்திப்பிடியில் கட்டைவிரல் தேய்ந்த இடம் தெரிகிறது.
அதை அடுத்த வாரத்துக்கு வைத்திருக்கிறேன்.

போன வாரம் முள் இரண்டு கோடு ஏறியது.
வெளியே மழையில்லை. சன்னல்கள் அடைத்திருந்தன.
அறையில் நான் மட்டும்,
எவ்வளவு நேரமாய் என்று நினைவில்லை,
மூச்சு விட்டுக்கொண்டு.

படிவத்தில் காரணம் என்றொரு கட்டம் உண்டு.
மழை, கதவு, பள்ளிப் பிள்ளைகள்
என்று ஒன்பது வருஷமாய் நிரப்பியது.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.
பிறகு எழுதினேன்:
பார்வையாளர், ஒருவர்.