நான்காம் எண் உலர்த்தி

செந்தூல் பிளாட்டுக்குக் கீழே
இருபத்து நான்கு மணி நேர டோபி.
துவைக்க இருபத்தெட்டு நிமிடம்,
காயவைக்க இருபத்தைந்து.
வைஃபை கிடையாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
கடைசி அத்தியாயத்தைக் கிழித்தவள் நான்தான்.

அந்த நாவலை யார் விட்டுப்போனார்களோ.
நான்காம் எண் உலர்த்தியின் தலையில்
சூட்டில் முதுகு வளைந்து கிடந்தது.
அட்டை இல்லை, பெயர் இல்லை.
பதினேழாம் பக்கத்தில் தொடங்கியது:
தைப்பிங்கில் ஒரு விடுதி,
குளியலறையில் பிணம்,
உள்ளே தாழிட்ட கதவு.
இதற்குப் பிறகு
யாருக்குத் துணி மடிக்கத் தோன்றும்?

மூன்று திங்கட்கிழமை படித்தேன்.
நான்காவதில், கதவுக்குப் பின்னால் நின்றது யாரென்று
தெரியப்போகிற இடத்தில்
இயந்திரம் நின்றுவிட்டது.
மணி பதினொன்றரை. காலையில் வேலை.
முழுப் புத்தகத்தை எடுத்துப்போனால் திருட்டு.
பதினாறு பக்கம் என்றால் இரவல்.
நாலாய் மடித்து ஜீன்ஸின் பின்பையில் வைத்தேன்.
மறுநாள் எல்ஆர்டியில் படிக்கலாம்.

மஸ்ஜித் ஜாமெக் வரை
கை அசைக்கக்கூட இடமில்லை.
பிறகு மறந்தே போனேன்.
அடுத்த திங்கள் அந்த ஜீன்ஸே
இயந்திரத்துக்குள் போயிற்று.

வேலைக்குப் போடும் கறுப்புச் சட்டை முழுக்க
வெள்ளைத் துகள்.
தீர்ப்பு, வாக்குமூலம், மழை, போலீஸ் ஜீப்,
எல்லாம் பஞ்சாய்.
காலரில் ஒட்டிய ஒரு துகளில் மட்டும்
ஓர் எழுத்து பிழைத்திருந்தது:
புள்ளி வைத்த ள.

புத்தகத்தைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு
ஒன்றும் தெரியாதவள்போல் உட்கார்ந்தேன்.

பின்பக்க வெற்றுத்தாளில் முதலில் பென்சில் பேசியது:
‘மிச்சம் எங்கடா?’
உணவு கொண்டுபோகும் சர்வேந்திரன்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே படிப்பான். எழுதினான்:
‘சமையல்காரன்தான். நூற்றுப்பத்தாம் பக்கம் பார்.’
கீழே நீல மையில் யாரோ:
‘சமையல்காரன் இடதுகைக்காரன்.
கண்ணை விற்றுவிட்டா படிக்கிறாய்?’

பவித்ரன் மலாய்ப் பள்ளியில் படித்தவன்.
தமிழ் அவனுக்குக் காதோடு சரி.
தாதியர் கல்லூரி துர்காஷினியிடம்
‘சத்தமாய்ப் படியேன்’ என்று கேட்டுவிட்டான்.
உலர்த்திகளின் இரைச்சலுக்கு மேலே
கத்திக்கத்தி அவள் பிணத்தைத் திருப்பிப் போட்டபோது
நாணயத்தைக் கையில் பிடித்தபடி
நான்கு பேர்
இயந்திரத்தை ஓடவிடாமல் நின்றார்கள்.

அப்புறம் அவன் தானே எழுத்துக் கூட்டினான்.
வரிக்கு அடியில் விரல்,
‘ழ’ வந்தால் நின்று ஒரு மூச்சு.
நாங்களெல்லாம் தாண்டி ஓடிய பக்கத்தில்
கொடியில் தொங்கிய ஓர் ஈரத் துண்டு
அவன் விரலில்தான் தட்டியது.
மழையே பெய்யாத இரவில்
வெளிக்கொடியில் அது எப்படி ஈரம்?

இப்போதெல்லாம்
கசங்காத சட்டையைக்கூடத் துவைக்க வருகிறார்கள்.
சூட்டில் பசை உருகும் என்று
முதலாளி ஆ செங் புத்தகத்தை
சோப்புத்தூள் அலமாரிக்கு மாற்றினார்.
தமிழ் தெரியாது அவருக்கு.
‘யார் கொன்றது, தெரிந்ததா?’ என்று
மலாயில் கேட்டுவிட்டு நாணயம் எண்ணப் போவார்.
பக்கத்தில் இன்னும் மூன்று புத்தகங்கள் முளைத்துவிட்டன.
ஒன்றின் மேல் துண்டுச்சீட்டு:
‘இதில் கடைசிப் பக்கம் இருக்கிறது. எண்ணிவிட்டேன்.’

கைப்பேசி உறைக்குள் ஒளித்திருந்த அந்த ள்-ஐ
போன வாரம் எடுத்து
பதினோரு ஊகங்களுக்குக் கீழே டேப் ஒட்டினேன்.
என் பெயர் எழுதவில்லை.
அவ்வளவுக்கு நான் நல்லவள் இல்லை.

மூண்டது சண்டை.
‘கொன்றாள்’ என்று ஒரு கட்சி.
‘கொன்றார்கள்’ என்று துர்காஷினி,
இரண்டு அடிக்கோடுகளோடு.
சமையல்காரனை விடமாட்டேன் என்று சர்வேந்திரன்.

எல்லாவற்றுக்கும் அடியில்
வலப்பக்கம் சரிந்த புது எழுத்து,
இதுவரை தமிழில் கையெழுத்துகூடப் போடாதவன்:
‘நாள் என்றும் இருக்கலாம்.
பதினேழாம் பக்கத்திலிருந்து மறுபடி வருகிறேன்.
இருங்கள்.’