பதினாலு டீ

விடைத்தாள் கட்டுகள் அடுக்கியிருந்த அறை இது.
கரையான் தின்றது போக மிச்சத்தை
லாரியில் ஏற்றிவிட்டபின்
ஒரு மேசை, ஒரு தொலைபேசி, நான்.
கதவில் சாக்பீஸால் எழுதினோம்:
இணையவழிக் கல்வி உதவி.
அந்த வருஷம் ஃபிளாஸ்கில் ரெண்டு டீ வரும்.
ஒன்று எனக்கு,
ஒன்று ஒயர் இழுக்க வந்த தீர்த்தகிரிக்கு.

இப்போது பதினாலு.
பெயர்ப்பலகை அறையைவிட நீளம்.
தீர்த்தகிரி ஒயர் இழுப்பதில்லை, சர்வர் பார்க்கிறார்.
துணைவேந்தர் வந்த அன்று
சுவரில் ஒரு வரைபடம் ஒட்டினார்கள்.
தொப்பூர் கணவாயில் ஏறும் லாரிபோல
முக்காமல் முனகாமல்
கோடு மேலே போய்க்கொண்டிருந்தது.

நான் கண்ட வளர்ச்சி வேறு மாதிரி.
முன்பு, 'மவுஸை எந்தக் கையில புடிக்கணும்?'
இப்போது,
'ஒன்றரை ஜிபியில எத்தனை பாடம் ஓடும்?'
வத்தல்மலைப் பெண் ஒருத்தி
வளைவில் நின்றுதான் பேசுவாள்,
பத்தடி நகர்ந்தால் அவள் குரல் பள்ளத்தில் விழுந்துவிடும்.
அஞ்செட்டிப் பையன் கன்னடத்தில் தொடங்கித்
தமிழில் முடிப்பான்.
கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் ரெண்டாவது ஷிப்ட் விட்டதும்
நடு இரவில் வந்து குவியும் அசைன்மென்ட்.

பாதி நாள் அள்ளியோடு மல்லுக்கட்டு.
சான்றிதழில் மாரண்டஅள்ளி,
ஆதாரில் மாரண்டஹள்ளி,
கணினிக்கு இவை ரெண்டு ஊர்.
'ஒரே ஊர்தாம்மா, ஒரே பஸ்தான் போகுது'
என்று கெஞ்சினார் தக்காளி மண்டிக் கணக்கர்.
அவரை ரெண்டு ஆளாக்கி வைத்திருந்தது அது:
ஃபீஸ் கட்டியவர் ஒருவர்,
தேர்வு எழுதியவர் இன்னொருவர்.

திங்கட்கிழமை ஒன்பது பத்துக்கு மாதம்மாள்.
பாலக்கோடு பக்கம். பி.காம். இரண்டாமாண்டு.
'பாஸ்வேர்டு மறந்துட்டேன் மேடம்.'
மாற்றிக் கொடுப்பேன்.
கோரிக்கை முடிந்தது, பச்சை டிக்.
அடுத்த திங்கள். அதற்கடுத்த திங்கள்.
ஏழாவது தடவை எரிச்சலில் கேட்டேன்,
'எங்கயாவது எழுதி வெச்சுக்கக் கூடாதா?'

அந்தப் பக்கம் மாவு மிஷின் சத்தம்.
பிறகு,
'மறக்கல மேடம். வீட்ல மாத்திடறாரு.'

ஓடிபி போகிற எண்ணைப் பார்த்தேன்.
அவள் கூப்பிடும் எண் அல்ல.

எண்ணை மாற்ற ஒரு படிவம் உண்டு.
அதன் அடியில் ஒரு கட்டம்:
தந்தை அல்லது கணவர் கையொப்பம்.
யார் வைத்தது இந்தக் கட்டத்தை என்று
கோபத்தோடு தோண்டிப் போனேன்.
கரையானுக்குத் தப்பிய பழைய காகிதம் ஒன்றைப்
படித்துக்கூடப் பார்க்காமல் ஸ்கேன் செய்து
ஏற்றியவள்
நான்.
ரெண்டு டீ காலத்தில்.

அழிக்க அரை நிமிஷம்.
அழிக்கலாமா என்று கேட்க
நாலு கடிதம், ஒரு குழு, பதினோரு நாள்.
குழுவில் ஒருவர் கேட்டார், 'இருந்துட்டுப் போகட்டுமே, என்ன கெடுதல்?'
நான் தேதி வாரியாக
ஏழு பச்சை டிக்கையும் படித்துக் காட்டினேன்.

புதன்கிழமை நேரிலேயே வந்துவிட்டாள்.
கைக்குட்டையில் சுற்றிய பட்டன் போன்,
அதற்குள் புது சிம்.
அவள் தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்,
விதி அப்படி.
ஒற்றை விரல், நீளமான சொல் போலிருக்கிறது,
வெகுநேரம் டக், டக், டக்.
'என்னன்னு சொல்லட்டுமா மேடம்?'
'யார்கிட்டயும் சொல்லாதீங்க. என்கிட்டயும்.'
சிரித்தாள்.
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டாள்.
அவளுக்கென்று தீர்த்தகிரி வாங்கி வந்த டீ
ஆடை படர்ந்து ஆறிக் கிடந்தது.

அடுத்த திங்கள், ஒன்பது பத்து.
அவள் உள்ளே வந்தாளா,
எந்தப் பாடத்தை எத்தனை நிமிஷம் பார்த்தாள்,
எங்கே நிறுத்தினாள் என்று
திறந்து பார்க்க எனக்கு அனுமதி உண்டு.
திறக்கவில்லை.

மணி அடித்தது, எடுத்தேன்.
காரிமங்கலத்திலிருந்து யாரோ.
'சொல்லுங்க சார்,
அள்ளியா, ஹள்ளியா?'