ஆர்ர உசரத்துக்கு

மூன்று துண்டுப் பலகையைச்
சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார்
உதுமாலெவ்வை ஓடாவி.
தேக்கு. முதிரை. மலைவேம்பு.
குசினி நிலத்தில் வரிசையாக வைத்துவிட்டு
ஒன்றும் பேசாமல் பிளேன்டீ குடித்தார்.

ஜவாத் தோஹாவிலிருந்து எட்டிப் பார்த்தார்,
போன் திரை முழுக்க நெற்றி.
வெள்ளைதான் வேணும் என்றார்.
அவர் ஏசி பூட்டப் போகும் வீடுகளில்
கபேட் எல்லாம் வெள்ளையாம்,
கைபிடியே இல்லையாம்,
தொட்டால் திறக்குமாம்.
அங்கே மீன் கழுவுவது யார் என்று கேட்டேன்.
லைன் அறுந்தது,
அல்லது அறுத்தார்.

சம்மாந்துறைக் கடையில் ஒரு பையன்
பளபளக்கும் புத்தகத்தை விரித்தான்:
"காலம் போகாத டிசைன் சாச்சி,
நூறு வருசத்துக்கும் இதுதான்."
அவனுக்கு மீசை இப்போதுதான் கறுக்கிறது.
நூறு வருசத்தை அவன் சொன்ன விதம்
நூறு கிராம் சீனி என்பதுபோல் இருந்தது.

நான் பலகைகளை வீட்டில் வைத்துப் பார்த்தேன்.
மலைவேம்பில் நகத்தால் கீறினேன்,
நகம் போன வழி அப்படியே கிடந்தது.
முதிரை தேன் நிறம், உள்ளே அலை அலையாக ஓடும்;
ஒரு ஆணி அடிக்கச் சொன்னேன்,
ஆணி வளைந்தது, ஓடாவி சிரித்தார்,
பிறகு விலையைச் சொன்னார், நான் சிரிக்கவில்லை.
தேக்கின் ஒரு பாதிக்கு மினுங்கும் வார்னிஷ்,
மறுபாதிக்கு வெறும் எண்ணெய்.

அந்தத் தேக்குத் துண்டு பட்ட பாடு!
சூரைமீன் ஆணத்தைக் கரண்டியால் ஊற்றினேன்.
சுடு கேத்தலை வைத்தேன்.
இரண்டு இரவு ஜன்னல் கட்டில் கிடந்தது,
சாய்ந்தமருதுக் கடல் இருநூறு யார்தான்,
அதன் உப்புக் காற்று
எங்கள் பிணைச்சல்களைத் தின்று பழகியது.
மூன்றாம் நாள் சுபஹுக்குப் பிறகு பார்த்தேன்:
மினுங்கிய பாதியில் கேத்தல் வளையம்,
வெள்ளையாக, தேமல்போல.
எண்ணெய்ப் பாதியிலும் மஞ்சள் இருந்தது,
ஆனால் மரத்துக்குள் ஏற்கெனவே இருந்த
ஏதோ ஒரு கோட்டில் போய்ச் சேர்ந்துவிட்டது.

"எண்ணெய் எண்டா
வருசா வருசம் பூசோணும் புள்ள."
பூசலாம்.
நோன்புக்கு முந்திய கிழமையில்
எப்படியும் எல்லாவற்றையும் இறக்கித் துடைக்கிறோம்தானே.

அளவெடுக்க வந்த நாள்தான்
அவர் அதைக் கேட்டார்.
நாடாவைச் சுவரில் பிடித்துக்கொண்டு,
வாயில் பென்சிலோடு:
"புத்தகத்தில முப்பத்தி நாலு இஞ்சு.
நீங்க கட்டை.
ஆர்ர உசரத்துக்கு அடிக்க?"

கதவுநிலையில் சாய்ந்து
வடை தின்றுகொண்டிருந்தாள் றிஹ்லா.
பன்னிரண்டு வயது, என் காதைத் தொட்டுவிட்டாள்,
வாப்பாவின் கால்கள்.
இந்த ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு.
பத்து வருசமோ பன்னிரண்டோ,
யாரோ ஒரு மகன் பெட்டியோடு வருவார்,
உறுதி அவள் பெயருக்கு மாறும்,
நான் பின்வளவு அறையில்
ஒற்றை அடுப்போடு இருப்பேன்.
இதில் துக்கம் ஒன்றுமில்லை,
என் உம்மா இந்தச் சாவியை
எனக்கு அப்படித்தான் தந்தார்.
தந்த மறுநாளே நான் அவர் அடுப்பை இடித்தேன்.

ஆக, நூறு வருச மரம்,
பத்து வருசச் சமையல்காரி.

"என்ர உசரத்துக்கு" என்றேன்.
முப்பத்தொன்றரை.
றிஹ்லா வடையை நிறுத்தினாள்:
"அப்ப நான் குனியணுமா?"
ஓடாவி பென்சிலை எடுத்தார்.
"கீழே கட்டை குடுத்து உயர்த்தலாம் மகள்.
உசத்தி அடிச்சத்தான்
அறுக்கிறது பாடு."
அவள் யோசித்தாள்,
பிறகு அந்த வெள்ளையைப் பற்றி மறுபடி ஆரம்பித்தாள்.

இரவு ஜவாத் எடுத்தார்.
என்ன நிறம் என்றார்.
மர நிறம் என்றேன்.
கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு,
உள்தட்டு என்றாலும் வெள்ளை அடிக்கலாம்தானே என்றார்.
உள்தட்டு அவருக்கு. விட்டுக்கொடுத்தேன்.

கைபிடி இன்னும் மிச்சம்.
பித்தளை உப்புக் காற்றில் கறுக்கும் என்கிறார்கள்.
கறுக்கட்டும்,
புளி இருக்கிறது.